தைலக்காரி வீட்டுத் தெம்பே

சுமிராவின் கொட்டகைக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கும். உடம்பில் தைலம் பூசியவர்கள் அந்தக் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஊர்த்தலைவரானாலும் சரி, பெற்ற பிள்ளையானாலும் சரி. புருத் தீவில் தைலம் பூசாத உடம்பு எது? ஆகவே ஊர் மொத்தமும் கயிற்றுக்கு வெளியே நின்றுதான், "சுமிரா, தெம்பே ரெண்டு கட்டு!" என்று கத்தும். அவள் கூடையில் வைத்து நீட்டுவாள்.

வெளியூர் லாரிக்காரன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன, மகாராணி தூங்குறாங்களா?" என்று கேட்டான்.

"ஆமா, மகாராணிதான். உன் வாசனை பட்டா செத்துருவா. தள்ளி நில்லு," என்றாள் சுமிரா. அவன் தள்ளித்தான் நின்றான்.

எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கடை என்னுடையது. அந்தக் கயிறு எப்படி வந்தது என்று என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சுமிரா, அவளுக்கு வேலை ஒழியாது. இன்னொருத்தி அவள் மாமியார் வாநூரு அக்கா; அவளைச் சொல்லவிட்டால் கதை முழுக்க அவள் தைலத்தின் பெருமையாகவே இருக்கும். ஆகவே நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பின்னால் மலை மலையாக வெள்ளைமரம். பட்டை காகிதம் மாதிரி உரியும். இலையை உருவி, மலை ஓடைக்கரைக் கொப்பரையில் திணித்து, மிதித்து, மூடி, தீ மூட்டினால் ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து தண்ணீரும் தைலமுமாகச் சொட்டும். தைலம் மேலே மிதக்கும். தலைவலி, வயிற்று உப்புசம், கொசுக்கடி, வெட்டுக்காயம், சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் முதலில் காதில் பாங்கு சொல்வார்கள், அடுத்து வயிற்றில் தைலம் தடவுவார்கள்.

மற்றவர்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வோம். வாநூரு அக்கா நிறுத்த மாட்டாள். புருஷன் விட்டுப்போன கொப்பரையைத் தன் கையால் நடத்தி மகனை ஆளாக்கியவள். கொப்பரையில் முதலில் சொட்டும் தைலத்தை யாருக்கும் விற்காமல் ஒரு சின்னப் புட்டியில் அடைத்து இடுப்பில் செருகி வைத்திருப்பாள். தரை துடைக்கும் தண்ணீரில் தைலம், தலையணையில் தைலம், பரண் கட்டையில் தைலம், வாசல்நிலையில் தைலம். வீட்டுக்குள் வருகிற எவரும் உள்ளங்கையை நீட்ட வேண்டும்; ஒரு சொட்டு விடுவாள், தேய்த்துக்கொண்டுதான் உள்ளே போகலாம். ஆட்டுக்குச் சளி என்று ஒருமுறை அதன் மூக்கில் தடவினாள். அது கட்டை அறுத்துக்கொண்டு கடற்கரை வரை ஓடியது. பிடித்து வர அரைநாள் ஆயிற்று. ஆனால் சளி போய்விட்டது என்று இன்றைக்கும் சாதிப்பாள்.

இந்த வீட்டுக்குத்தான் சுமிரா மருமகளாக வந்தாள்.

அவள் வயாப்புச் சமவெளிக் குடியிருப்புப் பெண். சின்னக் குழந்தையாக இருந்தபோது ஜாவாவிலிருந்து அப்பா, அம்மாவோடு கப்பலில் வந்தவள். அப்பா கர்சோ வயலில் நெல் போட்டார். வீட்டில் தெம்பே போட்டார்கள். அம்மா போன பிறகு தெம்பே முழுக்க சுமிராவின் கைக்கு வந்தது. சோயாவை ஊறவைத்து, மிதித்துத் தோல் நீக்கி, வேகவைத்து, ஆறவிட்டு, உறைப்பொடி தூவி வாழையிலையில் கட்டி வைக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். என்ன, இதில் வெள்ளைப் பூசணம் பூக்கும். பூத்து, பருப்பையெல்லாம் கோத்துப் பிடித்து ஒரே கட்டியாக ஆக்கிவிடும். பூக்கிறபோது கட்டு சூடாகும். உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும் என்பாள் சுமிரா. சந்தையில் அவள் பொரித்துக் கொடுக்கும் தெம்பேக்கு அப்படி ஒரு கூட்டம்.

அந்தச் சந்தைக்குத்தான் வாநூரு அக்காவின் மகன் லாசாலே தைலம் விற்கப் போனான். அவள் பலகைக்குப் பக்கத்தில் புட்டிகளைப் பரப்பினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க வாசனையில என் தெம்பே மயங்கி விழுந்துரும்," என்றாளாம் சுமிரா.

"மயக்கத்துக்கும் இதுதாங்க மருந்து," என்றானாம் இவன்.

விளையாட்டாகச் சொன்னாள். பிற்பாடு அதே சொல் எப்படி வந்து நின்றது பாருங்கள்.

கல்யாணப் பேச்சில் சுமிரா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை. "எங்க போனாலும் நான் தெம்பே போடுவேன். அத மட்டும் நிறுத்தச் சொல்லக் கூடாது," என்றாள். வாநூரு அக்கா தொடையைத் தட்டிச் சிரித்து, பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் எங்கள் ஊர்ச் செல்லப் பேரால் அவளைக் கூப்பிட்டாள். "நிறுத்தறதா? நோனா, என் வீட்டுல பரண் காலியாத்தான் கெடக்கு. முழுக்கப் போடு!" என்றாள். அதோடு விட்டாளா? பெண்கள் கூடிய இடத்தில் எல்லாம், "இந்த மீலாது விருந்துக்கு என் மருமக தெம்பே. பள்ளிவாசல் மொத்தத்துக்கும். யாரும் வேற பலகாரம் செய்யாதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் யோசிக்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

சுமிரா வந்த வாரமே முதல் ஈடு போட்டாள். பூக்கவில்லை.

இடம் புதுசு, தண்ணீர் புதுசு என்று எல்லாரும் சொன்னோம். அடுத்த ஈடும் பூக்கவில்லை. பருப்பு பருப்பாகவே உதிர்ந்தது. சுமிரா வெட்கத்தில் அதை யாரும் பார்ப்பதற்கு முன்னால் கோழிக்குக் கொட்டிவிட்டாள். கோழியும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் தலையை உதறியது.

வாநூரு அக்கா மருமகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரண்ல ஏதோ அழுக்கு இருக்குடி. நான் பாத்துக்கறேன்," என்று பரணைத் தைலம் விட்டுத் துடைத்தாள். கட்டு கட்டும் முன் மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்து விரல் விரலாகத் தைலம் தேய்த்துவிட்டாள். ஈடு போகப் போகத் தைலம் கூடியது. தைலம் கூடக் கூட தெம்பே செத்தது. அப்போது அந்தக் கணக்கு யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான். எங்கள் ஊரில் தைலத்தைச் சந்தேகப்படுவது கடலில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஜாவாக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு; மனசு நிலையில்லாதவள் கட்டினால் தெம்பே பிடிக்காது என்று. அது எப்படியோ எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. "மனசு இன்னும் அப்பன் வீட்டுலயே இருக்கு போல," என்று குழாயடியில் பேசினார்கள். லாசாலே காதில் விழுந்தது. அவன் வெள்ளந்தி. நேராக வீட்டுக்குப் போய், "உனக்கு இங்க பிடிக்கலியா சும்?" என்று கேட்டிருக்கிறான். அவள் பதில் சொல்லாமல் அழ, அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மலைக்குக் கொப்பரை வேலைக்குப் போய்விட்டான்.

மறுநாள் சுமிரா என் கடைக்கு வந்து உப்பு கேட்டாள். உப்பை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"ஹலிஜா அக்கா, ஒருவேளை அவங்க சொல்றது நெசமா இருக்குமோ? என் கை செத்துப்போச்சோ?"

"கை சாகுமா? போடி பைத்தியமே. அப்பா வீட்டுக்குப் போய் ஒரு ஈடு போட்டுப் பாரு," என்றேன்.

போனாள். அங்கே பூத்தது. பஞ்சு மெத்தை மாதிரிப் பூத்தது. அதே உறைப்பொடியை மடியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்து மாமியார் வீட்டுப் பரணில் போட்டாள். பூக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அம்மா, குத்தம் என் கையில இல்ல. இந்த வீட்டுலதான் ஏதோ இருக்கு."

வாநூரு அக்காவுக்கு வந்ததே கோபம்! இடுப்புப் புட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். "என் வீட்டுலயா? இந்தத் தீவுலயே சுத்தமான வீடுடி இது! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று கத்தினாள். சுமிரா உள்ளே போய்த் துணிமணியை மூட்டை கட்டினாள். கட்டிய மூட்டையை வாசலில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். போகவும் மனமில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. தெம்பே இல்லாமல் அந்த வீட்டில் அவள் யார்? வேறொருவர் கொப்பரைக்கு இலை உருவுகிற ஆள், அவ்வளவுதான். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

கத்தி முடித்ததும் வாநூரு அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. மீலாது நெருங்குகிறது. வாக்கு வேறு கொடுத்தாயிற்று. மருமகள் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவளே இறங்கிவந்து, "சரி நோனா. வீட்டுல ஏதாவது இருந்தா ஓதித் தொரத்திரலாம். இன்னொரு ஈடு போடு. இந்தத் தடவையும் வரலைன்னா நானே உன்ன அப்பா வீட்டுல கொண்டுபோய் விடறேன், நீ அங்கயே இருந்து போடு. நான் தடுக்கல," என்றாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து ஓதினார். நல்ல மனிதர், தலை மட்டும் வழுக்கை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் பிரிக்காதீங்க, பொறுமையா இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் வாநூரு அக்கா தன் பங்கைச் செய்தாள். இடுப்புப் புட்டியிலிருந்த அந்த முதல் தைலத்தை, மகனுக்குக் காய்ச்சல் வந்தால்கூட எண்ணி எண்ணி விடுகிற அந்தத் தைலத்தை, பரண் முழுக்க ஊற்றித் துடைத்தாள். கட்டுகளை மூடுகிற துணியையும் அதிலேயே நனைத்தாள். எனக்கு எதிர்க்கடையில் கண் எரிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கட்டுகளைப் பிரித்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லாசாலேயும் மலையிலிருந்து இறங்கி வந்து மூலையில் நின்றான். இலையை விலக்கினால், வேகவைத்த சோயா வேகவைத்த மேனிக்கே இருந்தது. ஒரு வெள்ளை நூல்கூட இல்லை.

சுமிரா அழவில்லை. முகம் கல்லாகிவிட்டது. லாசாலே தரையைப் பார்த்தான். அதைத் தாங்க முடியாமல் வாநூரு அக்கா ஒரு பருப்பை எடுத்து முகர்ந்தாள். ஏதாவது நல்லது சொல்லித் தேற்ற வேண்டும் என்று அவளுக்கு.

"இங்க பாரு நோனா. பூக்கலைன்னாலும் அழுகல பாத்தியா? இந்த வெக்கையில இத்தன நாள் சோத்த வச்சா நாய் கூட மோந்து பாக்காது. இது நேத்து வேகவச்ச மாதிரி இருக்கு. கொழகொழப்பு இல்ல, நாத்தம் இல்ல, ஒரு ஈ இல்ல. எதனால? என் தைலம்! அழுகலக் கிட்ட விடுமா அது?"

சுமிரா தலையை நிமிர்த்தினாள். மாமியாரைப் பார்த்தாள். பருப்பைப் பார்த்தாள். மாமியார் கையிலிருந்த காலிப் புட்டியைப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். மூட்டையை எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்து லாசாலே பின்னாலேயே ஓடினான். அவள் மூட்டையைத் தாண்டி என் கடைக்குள் நுழைந்தாள். நானும் போய்ச் சேர்ந்தேன்.

"அக்கா," என்றாள் மூச்சிரைக்க. "பாழாப்போன தெம்பே நாறும். எங்க வீட்டுல எப்பவாவது தப்பினா தெருவே நாறும். இது நாறவே இல்ல. நான்தான் ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டுக் கோழிக்குக் கொட்டிட்டேன், கவனிக்கல. அக்கா, அழுக விடாத ஒண்ணு பூக்க மட்டும் விடுமா?"

எனக்குப் பளிச்சென்றது. புண்ணில் சீழ் பிடிக்காமல் வைக்கிறது, சேற்றுப்புண்ணை ஆற்றுகிறது, துணியில் பூசணம் ஏறாமல் காக்கிறது. அந்தத் தைலத்துக்கு நல்ல பூசணம் எது, கெட்ட பூசணம் எது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர் எதுவானாலும் அது விரட்டும். விருந்தாளி, திருடன் என்று வித்தியாசம் பார்க்காது. அதுவும் எங்கள் வாநூரு அக்கா மாதிரியேதான், எதையும் பாதியில் நிறுத்தாது.

"போய் அவகிட்டச் சொல்லு," என்றேன்.

"எப்படிக்கா சொல்றது? அவங்க கொப்பரை அது. அவங்க உசுரு. உங்க தைலத்தாலதான் கெட்டுதுன்னு சொன்னா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டாங்க."

அதுவும் சரிதான். ஆகவே முதலில் உறுதி செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தோம். கடற்கரைக்குப் போய்ச் சாம்பலும் மணலுமாகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். என் சேலையைக் கட்டிக்கொண்டாள். என் அடுப்பில் சோயாவை வேகவைத்து, என் தோட்டத்து இலையில் கட்டி, என் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். என் கடையில் கருவாட்டு நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும் உண்டு, தைலம் மட்டும் கிடையாது. மறுநாள் சாயங்காலம் கட்டைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. அதற்கு மறுநாள் காலையில் வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது.

நாங்கள் இருவரும் அதை முன்னால் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தபோது சர்க்கரை வாங்க வாநூரு அக்கா வந்து நின்றாள்.

"என்னது அது?"

சுமிரா தூணுக்குப் பின்னால் ஒளியாத குறை. எனக்கு மென்று விழுங்கத் தெரியாது. "உன் மருமக போட்ட தெம்பே. என் கடையில. தைலம் இல்லாத எடத்துல," என்றேன்.

வாநூரு அக்கா கட்டியைத் தொட்டாள். இடுப்புப் புட்டியைத் தொட்டாள். அது மறுபடி நிரம்பியிருந்தது. அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. புரிந்ததை ஏற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"பொய். ஒரு கட்டு அகலமாப் போடு, என் கண் முன்னால. நடுவுல நான் ஒரு சொட்டு விடறேன். பூக்குதா இல்லையான்னு பாக்கலாம்," என்றாள்.

சுமிரா தட்டையாக, தட்டு அகலத்துக்கு ஒரு கட்டு போட்டாள். கட்டுவதற்கு முன் வாநூரு அக்கா எட்ட நின்று கையை நீட்டி நடுவில் சரியாக ஒரே சொட்டு விட்டாள். அது பூக்கிற வரைக்கும் தினமும் ஏதாவது சாக்கில் கடைக்கு வந்தாள். ஒரு வருஷத்துக்கான சர்க்கரையை அந்த இரண்டு நாளில் வாங்கியிருப்பாள்.

பிரித்தபோது மூவரும் குனிந்து பார்த்தோம். ஓரமெல்லாம் வெள்ளை, அடர்த்தியாக, அழகாக. நடுவில் மட்டும், சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டமாக மொட்டை. பருப்பு பளபளவென்று தெரிந்தது.

"மோதினார் தலை!" என்றேன். சுமிராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாநூரு அக்கா சிரிக்கவில்லை. கண் விரிந்தது. "ஒரே சொட்டு," என்றாள். "ஒரே ஒரு சொட்டுடி ஹலிஜா! எவ்வளவு தூரம் தொரத்தியிருக்கு பாரு! வேற எவன் தைலமாவது இப்படித் தொரத்துமா?" தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வீடு வீடாகக் காட்டினாள். குழாயடியில் காட்டினாள். மோதினாரிடமே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் எதனுடன் ஒப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் "மாஷா அல்லா" என்றார். ஆடத் தெரியாதவள் கதையைச் சொன்னவள் அவள்தான். கூடம் உண்மையிலேயே கோணல் என்று ஊர் முழுக்கப் பறைசாற்றியவளும் அவள்தான்.

தட்டோடு திரும்பி வரும்போது அவள் நடை மெதுவாகியிருந்தது. தெருமுனையிலேயே பெருமை தீர்ந்து, மற்றது உறைத்திருக்க வேண்டும். என் கடைப் பலகையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான்தானாடி? தெனமும் ஊத்தி ஊத்தித் தொடச்சேனே. உன் கையப் பிடிச்சு வேற தேச்சுவிட்டேன். நீ உக்காந்து அழுதப்பகூட நான் தொடச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீங்க நல்லது நெனச்சுத்தானம்மா செஞ்சீங்க," என்றாள் சுமிரா.

"நெனச்சு என்ன பிரயோசனம்? செத்தது உன் தெம்பேல்ல?" அந்தப் பெரிய உடம்பு குலுங்க அழுதாள். நான் பார்த்து அவள் அழுதது, புருஷன் போனதற்குப் பிறகு, அன்றைக்குத்தான்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் எழுந்து போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டிலிருந்து தள்ளி, கடல்காற்று முதலில் படுகிற பக்கத்தில், மூங்கில் வெட்டிக் கொட்டகை போடச் சொன்னாள். லாசாலேயும் சித்தப்பன்மாரும் போட்டார்கள். தைலம் படாத புது மூங்கில், புதுப் பாய், புதுத் துணி. எல்லாம் முடிந்ததும் அந்தக் கயிற்றைத் தன் கையாலேயே கட்டினாள். கட்டிவிட்டுக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"நான் இனிமே இதத் தாண்ட மாட்டேன்," என்றாள்.

ஆனால் மீலாது விருந்துக்கு எவ்வளவு சோயா வேண்டும்! பள்ளிவாசல் மொத்தத்துக்கும் என்று வாய் பெரிதாகச் சொல்லியிருக்கிறதே. சோயா மிதித்துத் தோல் நீக்குவது இடுப்பொடியும் வேலை. சுமிரா ஓடையில் கூடையை வைத்துத் தனியாக மிதித்துக்கொண்டிருந்தாள். கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாநூரு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கொப்பரையில் முப்பது வருஷம் இலை மிதித்த கால் அது.

"நீ மிதிக்கற லட்சணத்துக்கு அடுத்த மீலாதுதான் வரும்," என்றாள். போனாள். வீட்டின் பின்புறம் நின்றுகொண்டு, என்னைத் தன் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். சாம்பலும் எலுமிச்சையும் போட்டு உடம்பு சிவக்கத் தேய்த்தாள். புதுச் சேலை கட்டினாள். இடுப்பில் புட்டி இல்லாமல் அவளை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா, வாசனையே காணோம்?" என்று கேட்டாள். "மருமக வேலைக்குக் கூப்பிட்டிருக்கா," என்று சொல்லிவிட்டு ஓடையில் இறங்கினாள். கூப்பிடவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

விருந்து முடிகிற வரை அவள் தைலத்தைத் தொடவில்லை. கொசு கடித்தது, சொறிந்துகொண்டாள். தலை வலித்தது, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பாவம், கை மட்டும் பழக்கத்தில் இடுப்புக்குப் போய்ப் போய்த் திரும்பும். ஓடைத் தண்ணீரில் நின்று நின்று முழங்கால் வீங்கிவிட்டது. நொண்டி நொண்டி நடந்தாளே தவிரப் புட்டியைக் கேட்கவில்லை. இலை காய்ச்சிவிட்டு மலையிலிருந்து இறங்கிய மகனைத் தெருமுனையிலேயே விளக்குமாற்றோடு மறித்தாள்.

"அம்மா, ஒரு வாரம் கழிச்சு வர்றேன். பொண்டாட்டியப் பாக்க வேண்டாமா?"

"பொண்டாட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உள்ள மூச்சு விட்டுக்கிட்டிருக்கு. ஓடையில போய் ஊறிட்டு வாடா!"

அவன் ஊறிவிட்டுத்தான் வந்தான்.

விருந்துக்கு முந்தின நாள் கட்டுகள் சூடேறின. சுமிரா மாமியாரைக் கொட்டகைக்குள் கூப்பிட்டாள். கயிற்றைத் தாண்டத் தயங்கி நின்றவளின் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு கட்டின் மேல் வைத்தாள். வாநூரு அக்கா கையை எடுக்கவில்லை. "புள்ள வயிறு மாதிரி இருக்குடி," என்றாள் மெல்ல.

மீலாது அன்று பள்ளிவாசல் முற்றத்தில் தட்டு தட்டாகப் பொரித்த தெம்பே போயிற்று. எல்லாம் பூத்தது, ஒன்றுகூடப் பாழாகவில்லை. அவித்த மரவள்ளிக்கும் சுட்ட மீனுக்கும் நடுவில் அதுதான் முதலில் தீர்ந்தது. மனசு அப்பன் வீட்டில் இருக்கிறது என்று சொன்னவர்கள்தான் இரண்டாம் முறை கை நீட்டினார்கள். நான் கொடுக்காமல் கொஞ்சம் காக்கவைத்தேன். கர்சோ சமவெளியிலிருந்து வந்திருந்தார். அவரிடம் வாநூரு அக்கா, "எங்க வீட்டுத் தெம்பே, சாப்பிடுங்க," என்று தட்டை நீட்டினாள். மகள் போட்டதை அப்பனுக்கே "எங்க வீட்டு" என்று நீட்டுகிறாள்! கர்சோ சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சுமிரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மூட்டை என்ன ஆயிற்று என்று பிறகு கேட்டேன். அதிலிருந்த பழைய சேலையைத்தான் கொட்டகைக்குத் திரையாகக் கட்டியிருக்கிறாளாம்.

கூட்டம் கலைந்த பிறகு வாநூரு அக்கா என் கடைப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. முனகல் வெளியே வரக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுமிரா வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் அந்தப் புட்டி இருந்தது. மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள். கொட்டகை காலி, கடைசிக் கட்டும் போயாயிற்று.

"காலக் காட்டுங்கம்மா," என்றாள்.

வாநூரு அக்கா கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினாள். தக்கையைத் திறந்ததும் அந்த வாசனை குப்பென்று வந்தது. ஊருக்கே மறுபடி உயிர் வந்தது போல இருந்தது. சுமிரா உள்ளங்கை நிறையச் சாய்க்கப் போனாள். வாநூரு அக்கா கண்ணைத் திறந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சமா ஊத்துடி. நாளைக்கு மறுபடி சோயா ஊற வைக்கணும்ல?"